பழைய பவுடர் டப்பாவைப் பார்த்தா மனசு ஏன் இளகுது? விளம்பர ஏக்கம் பத்தி ஒரு எளிய விளக்கம்

பாம்பன்ல எங்க பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சப்ப பரண்லேருந்து அப்பத்தாவோட டிரங்குப் பெட்டிய இறக்குனோம். உள்ள ரெண்டு வாயில் சேலை, ஒரு சவுரி, நூல் போட்டுக் கட்டுன கடிதக் கட்டு, எல்லாத்துக்கும் அடியில ஒரு பவுடர் டப்பா. கையளவு தகர டப்பா, மூடியில அஞ்சு ஓட்டை, அடிப்பக்கம் முழுக்கத் துரு. முன்பக்கம் ஒரு பொண்ணு ஒருச்சாய்ச்சு பார்க்குற மாதிரி படம், கொண்டையில ஒத்தப் பூ, புருவத்தை மட்டும் ரொம்பக் கவனமா வரைஞ்சிருக்காங்க. கம்பெனி பேரு உப்புக் காத்துல உதிர்ந்து போச்சு. மூடியத் திருகித் திறந்தா ரெண்டு ஊக்கு, ஒரு மூக்குத்தித் திருகாணி, அப்புறம் அந்த வாசனை. நான் அங்கேயே தரையில உக்காந்துட்டேன், கண்ணு கலங்கிருச்சு, எம் மக பக்கத்துல நின்னு "என்னம்மா, வெறும் டப்பாதானே"ன்னு கேட்டா.

வெறும் டப்பா ஏன் ஒரு ஆளை அழ வைக்குதுன்னு அவளுக்கு விளக்கணும்னு நெனைச்சுத்தான் இதை எழுதுறேன். இதைப் பத்தி ஒண்ணுமே படிக்காதவங்களுக்கும் புரியணும், அதனால அடியிலேருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாஸ்டால்ஜியான்னு எல்லாரும் இப்ப சாதாரணமா சொல்றோம். அந்த வார்த்தை மொதல்ல ஒரு வியாதியோட பேரு. 1688ல சுவிட்சர்லாந்து பாசல்ல ஜோஹன்னஸ் ஹோஃபர்னு ஒரு மருத்துவ மாணவர் தன்னோட ஆய்வுக்காக ரெண்டு கிரேக்கச் சொல்லை ஒட்டி அதை உண்டாக்குனாரு, நோஸ்டோஸ்னா வீடு திரும்புறது, அல்கோஸ்னா வலி. பிழைப்புக்காக ஊரை விட்டுப் போன ஆளுங்க, வெளிநாட்டுப் படையில கூலிக்குச் சண்டை போடப் போன சுவிஸ் வீரர்கள், இவங்க எல்லாம் ஊர் ஞாபகத்துலயே சாப்பிடாம தூங்காம வாடிப் போறதைத்தான் அப்படிச் சொன்னாங்க. நம்ம கரையில அதை யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்ல, கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் ஆளை அனுப்பிட்டு உக்காந்திருந்த ஊருங்க இது. இன்னிக்கு அதை யாரும் வியாதின்னு சொல்றதில்ல. போன காலத்தை நெனைச்சா வர்ற, இனிப்பும் வலியும் கலந்த ஒரு உணர்வு, அவ்வளவுதான்.

விண்டேஜ், ரெட்ரோன்னு ரெண்டு வார்த்தையும் அடிக்கடி வரும், அதையும் குழப்பிக்கக் கூடாது. விண்டேஜ்னா உண்மையிலேயே அந்தக் காலத்துப் பொருள், எங்க அப்பத்தா டப்பா மாதிரி. ரெட்ரோன்னா பழைய மாதிரி தெரியணும்னு இப்ப புதுசா செஞ்சது. கடைல இப்ப பழைய எழுத்து, பழைய ஓவியம் போட்ட அட்டையில புது சோப்பு வருதுல்ல, அது ரெட்ரோ.

ஏக்கத்துலயும் ரெண்டு வகை இருக்கு. விளம்பரங்கள் பத்தி ஆராய்ச்சி பண்ண பார்பரா ஸ்டெர்ன் 1992ல இதைப் பிரிச்சுக் காட்டுனாங்க. ஒண்ணு நாம வாழ்ந்த காலத்து மேல வர்றது, சொந்த ஏக்கம். இன்னொண்ணு நாம பிறக்குறதுக்கு முந்தின காலத்து மேல வர்றது, வரலாற்று ஏக்கம். எம் மகளுக்கு 19 வயசு, அவ போன் முழுக்க 1960கள்ல வந்த சேலை விளம்பரம், அந்த இறக்கை வச்ச கண்மை, உச்சில தூக்கிக் கட்டுன கொண்டை எல்லாம் சேர்த்து வச்சிருக்கா. அவ பார்க்காத காலம் அது. ரெண்டும் உண்மையான ஏக்கம்தான், ஆனா அவளுக்கு அந்தக் காலம் படமா மட்டும்தான் தெரியும், எனக்கு அது புழுக்கத்தோடயும் கருவாட்டு வாசத்தோடயும் சேர்ந்து ஞாபகம் இருக்கு.

சரி, ஒரு சோப்பு விளம்பரம் எப்படி மனசுக்குள்ள இவ்வளவு ஆழமாப் போய் உக்காருது?

மொத காரணம் திரும்பத் திரும்பக் கேக்குறது. எங்க பக்கம் விளம்பரம்னாலே சிலோன் ரேடியோதான். அதுக்கு ஒரு கதை இருக்கு. இலங்கை வானொலியோட வர்த்தக சேவை 1950லயே தொடங்கிருச்சு. நம்ம ஆல் இந்தியா ரேடியோல அப்ப விளம்பரமே கெடையாது, 1952ல அமைச்சரா வந்த கேஸ்கர் சினிமா பாட்டையும் வெளிய தள்ளிட்டாரு. அதோட சினிமாப் பாட்டு சேவையான விவித் பாரதில விளம்பரம் வந்தது 1967லதான். அதுவரைக்கும் ரேடியோல பொருளை விக்கணும்னு நெனைச்ச இந்தியக் கம்பெனிகளுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம்தான் வழி. தனுஷ்கோடி முனையிலேருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் அளவுதான், சில ராத்திரி உள்ளூர் ஸ்டேஷன விட கொழும்பு தெளிவாக் கேக்கும். பாட்டுக்கு நடுவுல பல்பொடி, சோப்பு, தைலம், ஜவுளி. கோபால் பல்பொடி விளம்பரத்துல இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர்னு நாட்டுப் பேரா அடுக்கிக்கிட்டே போவாங்களே, சின்னப் புள்ளைல உலக வரைபடத்தை நான் அதுலதான் படிச்சேன், எங்க தெருவுல யார் யார் எந்த நாட்டுல இருக்காங்கன்னு அந்த வரிசையிலயே மனசுல எண்ணிக்குவேன்.

1982ல இலங்கையில ரூபவாஹினின்னு அரசு டிவி வந்துச்சு. அப்ப எங்க ஊர்ல டிவி வாங்குனவங்க எல்லாம் நீளமான குழாய்ல ஆன்டெனாவைக் கட்டி கிழக்கப் பார்த்துத் திருப்பி வச்சாங்க. ராமேஸ்வரத்துல 323 மீட்டர் உயரத்துக்கு தூர்தர்ஷன் டவர் எழும்புனது 1990கள்ல, அதுக்கு முன்னாடி எங்க கண்ணுக்குக் கெடைச்சது ரூபவாஹினிதான். பாதி விளம்பரம் சிங்களம். ஒரு வார்த்தை புரியாது. ஆனா தெருவுல பாண்டி ஆடும்போது அந்த மெட்டைத்தான் முணுமுணுப்போம், எந்தப் பொருளுக்கான பாட்டுன்னு கூடத் தெரியாது, இன்னிக்கும் பாத்திரம் கழுவுறப்ப அதுல ஒண்ணு தானா வாய்ல வரும்.

புரியாத பாட்டு எப்படிப் பிடிச்சுப் போச்சு? 1968ல ராபர்ட் சையான்ஸ்னு ஒரு உளவியலாளர் இதைத்தான் சோதிச்சுப் பார்த்தாரு. ஆளுங்களுக்கு அர்த்தம் தெரியாத வார்த்தைகளையும், சீன எழுத்து மாதிரி இருக்குற வடிவங்களையும் காட்டுனாரு, சிலதை ஒரு தடவை, சிலதைப் பல தடவை. எதை அதிகமாப் பார்த்தாங்களோ அதுக்கு நல்ல அர்த்தம் இருக்கும்னு சொன்னாங்க. அதாவது பழகுனதே பிடிச்சதா மாறிருது, புரியணும்னு கட்டாயமில்ல. விளம்பரக்காரங்க ஒரே வரிய நாளுக்குப் பத்துத் தடவை ஓட்டுறது இதுக்குத்தான். அதோட பத்து வயசுலேருந்து முப்பது வரைக்கும் நடந்த விஷயங்கள்தான் பிற்காலத்துல ஜாஸ்தி ஞாபகம் வரும்னும் சொல்றாங்க. அந்த வயசுல காதுல விழுந்த மெட்டு லேசுல போகாது.

ரெண்டாவது வாசனை. பார்க்குறது, கேக்குறது, தொடுறது எல்லாம் மூளையில தலாமஸ்னு ஒரு இடத்துக்கு வந்து அங்கேருந்துதான் மத்த இடத்துக்குப் பிரியும். வாசனை மட்டும் அங்க நிக்காம நேரா உணர்ச்சியையும் ஞாபகத்தையும் பார்த்துக்கிற பகுதிகளுக்குப் போயிரும். அதான் டப்பாவைத் திறந்ததும் யோசிக்கிறதுக்கு முன்னாடியே கண்ணு கலங்குது. பவுடர், ஸ்னோ, சோப்பு, சென்ட்டு, அழகுப் பொருள் எல்லாமே வாசனைப் பொருள்தானே. பழைய டிராக்டர் விளம்பரத்தைப் பார்த்து யாரும் இப்படி உருகுறதில்ல, ஆனா குட்டிகுரா டப்பா, பாண்ட்ஸ் டப்பா, ஐடெக்ஸ் மைன்னு பேரைச் சொன்னாலே பொம்பளைங்க எல்லாரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சுருவாங்க.

மூணாவது காரணத்தைத்தான் நான் முக்கியமா சொல்ல வந்தேன், இது எங்க கரைல வளர்ந்ததால எனக்குப் புரிஞ்சது.

லக்ஸ் சோப்பு இந்தியாவுக்கு 1929ல வந்துச்சு. 1941ல லீலா சிட்னிஸ் அதோட விளம்பரத்துல வந்தாங்க, இந்திய நடிகைகள்ல அவங்கதான் முதல். அதுக்கப்புறம் எந்த நடிகை பெரிய ஆளா வந்தாலும் அந்தச் சோப்பு விளம்பரத்துல வருவாங்கன்னு ஆகிப்போச்சு. ஒருத்தர்கிட்ட ஒரு நல்ல குணத்தைப் பார்த்தா மத்த எல்லாத்துலயும் அவங்க நல்லவங்கன்னு நம்ம மனசு நம்பிரும், 1920ல தார்ன்டைக்னு ஒருத்தர் இதுக்கு ஒளிவட்டம்னு பேரு வச்சாரு. நடிகை அழகு, அவங்க கையில சோப்பு, அப்ப சோப்புக்கும் அந்த அழகு ஒட்டிக்கும். பத்திரிகை பின்னட்டையில, கொட்டகை ஸ்லைடுல, எல்லா இடத்துலயும் அந்த முகம், கழுத்து வரைக்கும் நுரை.

அந்த நுரைதான் விஷயம். 1975ல லிரில் சோப்பு வந்தப்ப கேரன் லூனல்னு ஒரு பொண்ணு கொடைக்கானல் அருவியில நின்னு குளிப்பாங்க, இப்பவும் அந்த பாம்பார் அருவியை லிரில் அருவின்னு சொல்றவங்க உண்டு. தண்ணி அப்படிக் கொட்டும். எங்க வீட்டுல நிலைமை வேற. கெணத்துத் தண்ணி உப்பு, கடின நீர். அதுல இருக்குற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்து வெள்ளையாத் திரிஞ்சு போகும், நுரையே வராது, உடம்பெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும். நல்ல தண்ணி குடத்துக்கு இவ்வளவுன்னு காசு குடுத்து வாங்குறது, அதைக் குளிக்க எடுத்தா அப்பத்தா கையில கெடைச்சதை வச்சு அடிக்கும். மழை பேஞ்சா மட்டும் ஓட்டு முனையில அண்டாவ வச்சுப் பிடிச்சு, அன்னிக்கு எங்களுக்குத் தலைக்குக் குளியல். மழைத்தண்ணியில சோப்பு நுரைச்சு விரல் இடுக்குல வழியும், நானும் அயித்தை மகளும் அதைக் கன்னத்துல ஏத்தி விட்டுக்கிட்டு பின்னட்டை நடிகை மாதிரி ஒருச்சாய்ச்சு நிப்போம்.

இப்ப எங்க வீட்டுல குழாயத் திறந்தா நல்ல தண்ணி. எந்தச் சோப்பும் நுரைக்குது. ஆனா பழைய சோப்பு விளம்பரத்தைப் பார்த்தா மனசு போய் நிக்கிறது அந்த அண்டா பக்கத்துலதான். அந்தச் சோப்பு இன்னமும் கடைல கெடைக்குது, வாங்கலாம், வாங்குனா ஒண்ணும் ஆகாது. விளம்பரத்துல இருந்த பொண்ணுக்கும் எனக்கும் நடுவுல ஒரு தூரம் இருந்துச்சு, அந்தத் தூரத்தை நான் ஆசையால நிரப்பி வச்சிருந்தேன், இப்ப நான் தேடுறது அந்த ஆசைப்பட்ட புள்ளையத்தான். பழைய விளம்பரம்னா நமக்குள்ள இருந்த ஆசையோட சாயல், அப்படித்தான் எனக்குப் படுது.

கீழக்கரையில என் சிநேகிதி வீட்டுல இதை இன்னும் நல்லாப் பார்க்கலாம். ஷோகேஸ் முழுக்க சபுர் போன, அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன ஆம்பளைங்க கொண்டு வந்த சாமான், யார்ட்லி பவுடர், சார்லி சென்ட்டு, ப்ரூட், கோடாலித் தைலம். பாதிக்கு மேல காலி பாட்டில். "லாத்தா, காலிதானே, ஒண்ணு எனக்குத் தாங்களேன்"னு அவளோட அக்காகிட்ட கேட்டேன். "ஏன்டி, அது காக்கா மொத சபுர்ல கொண்டாந்தது, நீ வேணும்னா மோந்து பார்த்துட்டு வையி"ன்னாங்க. காக்கான்னா அங்க அண்ணன். சென்ட்டு தீர்ந்து முப்பது வருஷம் இருக்கும்.

உடுப்புக் கதை கொஞ்சம் வேற, அதைச் சுருக்கமா சொல்லிடுறேன். நைலான் 1930கள்ல அமெரிக்காவுல டுபாண்ட் கம்பெனியில வாலஸ் கரோதர்ஸ் குழு கண்டுபிடிச்சது, 1940ல பெண்களோட காலுறையா கடைக்கு வந்து ஜனம் அடிச்சுப் பிடிச்சு வாங்குச்சு. பாலியஸ்டர் துணி டெரிலின் 1941ல இங்கிலாந்துல. இதெல்லாம் நம்ம ஊருக்கு வந்தப்ப நைலக்ஸ் சேலை, டெரிலின் சட்டை, பிறகு பூனம் சேலைன்னு ஜவுளி விளம்பரம் பூரா ஒரே பேச்சுதான், சுருங்காது, இஸ்திரி வேணாம், பிழிஞ்சு போட்டா உடனே காயும். எங்க கரையில அதே நைலான் வலையாவும் வந்துச்சு, பருத்தி வலைய தினம் காயவச்சு, பட்டைச் சாயம் ஏத்திக் காப்பாத்துற பாடு போச்சு. தாத்தா கையிலயும் நைலான், அப்பத்தா இடுப்புலயும் நைலான். புழுக்கத்துல அந்தச் சேலை உடம்போட ஒட்டிக்கிட்டு உயிரை எடுக்கும்னு அயித்தை சொல்லும், இருந்தாலும் நல்லது கெட்டதுக்கு அதைத்தான் கட்டுனாங்க, ஏன்னா விளம்பரத்துல இருந்த பொண்ணு அதைக் கட்டியிருந்தா.

இப்ப ஒரு கஷ்டமான விஷயம், இதைச் சொல்லாம விட்டா இந்தக் கட்டுரை பொய். அந்தக் காலத்து அழகு விளம்பரங்கள்ல ஒரு கறுப்புப் பொண்ணைக் காட்டுங்க பார்ப்போம். வெயில்ல மீன் காயப் போட்ட பொம்பளைங்க, பாசி எடுக்கக் கடல்ல இறங்குன பொம்பளைங்க வாழ்ற ஊருக்கு வந்த அத்தனை படத்துலயும் வெள்ளைத் தோல். ஃபேர் அண்ட் லவ்லி 1975ல வந்துச்சு, 2020லதான் பேரை மாத்துனாங்க. கறுப்பா இருந்தா வேலை கெடைக்காது, கல்யாணம் ஆகாதுன்னு காட்டக் கூடாதுன்னு விளம்பரத் தர கவுன்சில் விதி போட்டது 2014ல. எங்க சின்னம்மாவைப் பொண்ணு பார்க்க வந்தப்ப முகத்துல ஸ்னோவும் பவுடரும் அப்பி விட்டாங்க, முகம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி, கழுத்து அதோட நிறத்துல. வந்தவங்க காப்பி குடிச்சுட்டுப் போய்ட்டாங்க. சின்னம்மா கொல்லைப்பக்கம் போய் உப்புத் தண்ணியில முகத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுனது எனக்குத் தெரியும், அப்ப எனக்கு எட்டு வயசு. ஏக்கம் வரும்போது மனசு கெட்டதை ஒதுக்கி வச்சுட்டு நல்லதை மட்டும் முன்னால கொண்டு வரும், அது அதோட இயல்பு. அதனால பழைய விளம்பரத்தை ரசிக்கும்போது சின்னம்மாவையும் சேர்த்தே ஞாபகம் வச்சுக்கணும்னு நான் மகளுக்குச் சொல்லியிருக்கேன்.

உங்க வீட்டுலயும் இப்படி ஏதாவது கெடந்தா அது எந்தக் காலத்துதுன்னு கண்டுபிடிக்க சில வழி இருக்கு, எனக்கு இதுல ரொம்ப ஆர்வம். வெலை அணாவுல இருந்தா பெரும்பாலும் 1957க்கு முந்தினது, ஏன்னா அந்த ஏப்ரல்லதான் காசு மாறுச்சு. நயா பைசான்னு இருந்தா 1957லேருந்து 1964க்குள்ள. விலாசத்துல மெட்ராஸ் 1னு மொட்டையா இருந்தா பழசு, ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட்லதான் வந்துச்சு. சிலோன்னு போட்டிருந்தா அதுவும் பெரும்பாலும் 1972க்கு முன்னாடி, அந்த வருஷம்தான் நாட்டோட பேரை ஸ்ரீலங்கான்னு மாத்துனாங்க. தமிழ் எழுத்தையும் பாருங்க, லை, னை எல்லாம் தும்பிக்கை மாதிரி கொம்பு போட்டிருந்தா, ணா, றா, னா சுழிச்சு இருந்தா, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தின அச்சா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, சில அச்சகத்துல அதுக்கப்புறமும் பழைய எழுத்தையே ஓட்டுனாங்க. காலண்டர் கெடைச்சா சாமி படத்தோட அடியில எந்தக் கம்பெனி பேரு இருக்குன்னு பாருங்க, கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவரோட சீடர்களும் வரைஞ்சு சிவகாசியில அச்சான லட்சுமி எத்தனையோ வீட்டுப் பூஜை மாடத்துல கம்பெனி பேரோடயே சூடம் பார்த்திருக்கா. தகரத்தைக் கழுவாதீங்க, உப்புக் காத்து ஊருல ஈரம் பட்டா மிச்சப் படமும் உரிஞ்சுரும், காஞ்ச துணியில ஒத்தி எடுத்து பஞ்சுல சுத்தி வைங்க.

எங்க டப்பாவோட அடியில துருவைத் தாண்டி இங்கிலீஷ்ல கொழும்பு, சிலோன்னு ரெண்டு வார்த்தை தெரியுது. தாத்தா கொழும்புல கடைல வேலை பார்த்தவரு, தனுஷ்கோடியில கப்பல் ஏறித் தலைமன்னார் போய் அங்கேருந்து ரயில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியக் கொண்டு போச்சு, அதுக்கப்புறம் தாத்தா போகவே இல்ல. அப்ப டப்பா அதுக்கு முந்தினது, என் வயசை விடப் பெருசு. அப்ப நான் அழுத அந்த வாசனை கொழும்பு பவுடரோட வாசனைன்னுதானே நெனைப்பேன்? அயித்தைகிட்ட டப்பாவைக் கொண்டு போய்க் குடுத்தேன், அதுக்கு இப்ப 74 வயசு. மூடியத் திறந்து மோந்துச்சு. கொழும்பு பவுடரு ஒரே வருஷத்துல தீர்ந்து போச்சாம். அப்புறம் சந்தையில பொட்டலமா மடிச்சுக் குடுக்குற பவுடரை வாங்கி அதுலதான் கொட்டி வைக்குமாம் அப்பத்தா, ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, நான் பிறந்து பள்ளிக்கூடம் போற வரைக்கும்.

"கல்யாண வீட்டுக்குப் போனா பக்கத்துல உக்காந்தவளுக எல்லாம் கேப்பாளுக, என்னா மதினி, கொழும்பு பவுடரான்னு. ஆமான்னு சொல்லும் எங்காத்தா"ன்னு சொல்லிட்டு அயித்தை டப்பாவைக் கவுத்து, உள்ளங்கையில ரெண்டு தட்டு தட்டிப் பார்த்துச்சு. ஓட்டையில ஒட்டியிருந்த கொஞ்சம் வெள்ளைத் தூசி விழுந்துச்சு. அதை எம் மக கன்னத்துல தடவி விட்டுச்சு.